நம்ம ஊர்ல பிரமிடு இல்லையா அப்பா?

ஏழாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் எகிப்து பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். தெர்மாகோலில் பிரமிடு, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிய பொம்மை மம்மி, டீத்தூள் தண்ணியில் நனைத்துப் பழசாக்கின பேப்பர். ரெண்டு நாளா வீட்டு ஹாலே நைல் நதிக்கரை மாதிரி இருந்தது. ஞாயித்துக்கிழமை ராத்திரி பசை காயட்டும்னு காத்திருக்கும்போது கேட்டாள்.

"எகிப்துல செத்தவங்களுக்கு சோறு, நகை, பொம்மையெல்லாம் வச்சுப் பொதைச்சாங்களாம். நம்ம ஊர்ல பிரமிடு இல்லையாப்பா? நம்மாளுங்க அந்தக் காலத்துல என்ன பண்ணுனாங்க?"

"இருக்குது கண்ணு. பிரமிடு இல்ல, வேற மாதிரி. அதுல ஒண்ணை நானே கல்லால அடிச்சு ஒடைச்சிருக்கேன்" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். உடைத்த கதை கடைசியில். அதுக்கு முன்னாடி, உடைத்தது என்ன என்று புரிய வேண்டும். ஏழாவது படிக்கிறவர்களுக்குப் படித்துக் காட்டலாம் என்கிற அளவில்தான் எழுதியிருக்கிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எகிப்து, ஒரு நிமிடத்தில்

எகிப்தியர்களின் தினசரி சாப்பாடு ரொட்டியும் பார்லியில் செய்த பீரும். வீடு களிமண் செங்கல். நைல் வெள்ளம் வடிந்ததும் விதைப்பு, வெயில் காலத்துக்குள் அறுவடை. சாவு என்பது முடிவல்ல, இன்னொரு ஊருக்குப் போவது மாதிரி என்று நம்பினார்கள். அந்த ஊருக்குப் போக உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். அதனால் பதப்படுத்தினார்கள். முறையாகச் செய்தால் மொத்தம் 70 நாள் வேலை. அதில் சுமார் 40 நாள் நேட்ரான் என்கிற உப்பில் உடம்பு காயும். போன இடத்தில் இதயத்தைத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் உண்மையின் இறகை வைத்து எடை போடுவார்கள். பாவம் கனத்தால் ஒரு மிருகம் இதயத்தைத் தின்றுவிடும். அந்த உலகத்திலும் வயல் வேலை உண்டு. அதைச் செய்ய ஆள் வேண்டுமே என்று சின்னச் சின்ன பொம்மைகளைக் கல்லறையில் வைத்தார்கள்.

இதில் ரெண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இதெல்லாம் வசதியானவர்களுக்கு. சாதாரண ஆளைப் பாலைவன மணலில் குழி தோண்டி, ரெண்டு பானையை வைத்து மூடினார்கள். ரெண்டாவது, அவர்கள் இருந்த வீடு மண், செத்தவருக்குக் கட்டியது கல். மண் கரைந்து போயிற்று, கல் நின்றது. அதனால்தான் எகிப்து என்றாலே நமக்குக் கல்லறை ஞாபகம் வருகிறது. அவர்கள் சாவையே நினைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் இல்லை.

இந்த ரெண்டாவது விஷயம் நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்தும்.

நொய்யல் கரையில் ஒரு மேடு

கோயம்புத்தூரிலிருந்து காரில் ரெண்டு மணி நேரம் போனால் கொடுமணல். ஈரோடு மாவட்டம், சென்னிமலையிலிருந்து மேற்கே 15 கிலோமீட்டர் சுமார். நொய்யலின் வடகரை. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் சோளக்காடு, வேலாமரம், ஆடு மேய்க்கும் ஒருத்தர். அவ்வளவுதான். காரை நிறுத்திவிட்டு "இதுவா?" என்று என் மகள் கேட்டாள்.

இதுதான். சங்க இலக்கியமான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று ரெண்டு பாட்டில் பெயர் வரும் ஊர். கபிலரும் அரிசில் கிழாரும் பாடியவை. ரெண்டிலுமே இந்த ஊர்ப் பெயர் அணிகலனோடு சேர்ந்துதான் வருகிறது. புலவர் சும்மா அழகுக்காகச் சொன்னதா, நிஜமாகவே இங்கே நகை செய்தார்களா என்பதை 1985 முதல்தான் விரிவாக மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம், பேராசிரியர் கா. ராஜன் முதலானவர்கள் பல பருவங்கள் அகழாய்வு செய்தார்கள். பிறகு 2012, 2013இல் புதுவைப் பல்கலைக்கழகம் சார்பாக, அதற்கப்புறம் தமிழக அரசின் தொல்லியல் துறை.

கிடைத்த கரித்துண்டுகளின் வயதைக் கணக்கிட்டதில், கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரைக்கும் பின்னால் போகிறது. பெரிய பிரமிடு கட்டினது கி.மு. 2560 வாக்கில். ஒரு காலக்கோடு போட்டுப் பார்த்தால், ஒரு முனையில் பெரிய பிரமிடு, இன்னொரு முனையில் நாம். கொடுமணல்காரர்கள் கிட்டத்தட்ட நடுவில் நிற்கிறார்கள். "அந்தக் காலம்" என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைப்பதில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது பாருங்கள்.

ஊர் ஏன் இங்கே? மேப்பைப் பார்த்தால் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி என்றால் அது பாலக்காட்டுக் கணவாய். மேற்கே கடலோரம் முசிறித் துறைமுகம், கிழக்கே சேரர்களின் கரூர். ரெண்டையும் இணைக்கிற வழி இந்த நொய்யல் பக்கமாகத்தான் போகும். இன்றைக்குப் பைபாஸில் லாரி போகிறதே, அதே காரணம்தான். காற்றும் ஆளும் சரக்கும் சுலபமான வழியைத்தான் தேடும்.

அங்கே ஒரு நாள்

காலையில் அந்த ஊருக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது கல்லை உரசும் சத்தமாக இருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், தோண்டின இடத்தில் முடிந்த மணி மட்டும் கிடைக்கவில்லை. வெட்டாத கல், பாதி செதுக்கின கல், துளை போடும்போது ரெண்டாக உடைந்த மணி, சில்லுச் சில்லாகக் கழிவு என்று எல்லாக் கட்டமும் கிடைத்தது. கடையில் முடிந்த பொருள்தான் இருக்கும். பட்டறையில்தான் குப்பை இருக்கும். குப்பை இருந்தால் அது பட்டறை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்வதென்றால், நிரல் மட்டுமில்லை, பிழைப்பதிவுகளும் சேர்த்துக் கிடைத்துவிட்டது.

கற்கள் எங்கிருந்து? பெரும்பாலும் பக்கத்திலேயே. காங்கேயம் பக்கம் படியூரில் பெரில் என்கிற பச்சைக்கல். ஆங்கிலேயர் காலத்திலும், 1819-20 வாக்கில், அங்கே வெட்டி எடுத்திருக்கிறார்கள். சிவன்மலைப் பக்கம் நீலக்கல். சுற்றுவட்டாரத்தில் பளிங்கு. சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆக, வெளியூர்க் கல்லை வரவழைத்து, இங்கே மணியாக்கி, மறுபடி வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பஞ்சும் நூலும் எங்கிருந்தோ வந்து, பனியனாகித் திருப்பூரிலிருந்து போகிறதே, அதே ஆற்றங்கரையில், அதே கதை.

வேலை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. கல்லின் கடினத்தை 1லிருந்து 10 வரை அளப்பார்கள். வைரம் 10. பளிங்கும் சூதுபவளமும் 7 சுமார், பெரில் 7.5லிருந்து 8, நீலக்கல் 9. ஒரு கல்லைத் தேய்க்க வேண்டுமென்றால் அதே அளவோ அதைவிடவோ கடினமான பொருள் வேண்டும். நம்ம பக்கத்தில் குருந்தக்கல் கிடைக்கும். அதன் கடினமும் 9. இடித்துத் தூளாக்கினால் இயற்கையான உப்புத்தாள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம்ம 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

ஊரின் இன்னொரு பக்கம் புகை. இரும்பு உலைகள். சென்னிமலைப் பக்கத்துத் தாதுவைக் கொண்டுவந்து உருக்கியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் நடுவில் பெரிய உலை, அதைச் சுற்றிப் பன்னிரண்டு சின்ன உலைகள் கிடைத்தன. மூசைகளும் கிடைத்தன. மூசை என்றால் நகைப் பட்டறையில் தங்கம் உருக்க வைப்பார்களே, அந்த மண் கிண்ணம். இரும்பை அதில் கரியோடு சேர்த்து மூடிச் சூடாக்கினால் கொஞ்சம் கரி இரும்புக்குள் போகும். இரும்பு எஃகாகும். நெருப்பு அதிகமானால் ஒரு குணம், குறைந்தால் ஒரு குணம். தெர்மாமீட்டர் கிடையாது. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சொல்கிற கண் ஒன்றுதான் கருவி.

மூன்றாவது, நூல் நூற்பது. சுடுமண் தக்களிகள் கிடைத்தன. ஒன்றில் நடுவே செருகின இரும்புக் கம்பியும் இருந்தது. பஞ்சுத் துணுக்கும் கிடைத்திருக்கிறது. சங்கை அறுத்து வளையல் செய்த தடயமும் இருக்கிறது. கடல் எங்கே, கொடுமணல் எங்கே!

வீடு? மரக்கம்பம் நட்ட குழிகள்தான் மிச்சம். கம்பம் மக்கிப்போய், குழி மட்டும் வேறு நிற மண்ணாகத் தெரியும். மண்சுவர், கூரை. எகிப்து மாதிரியே, இருந்தவர்களின் வீடு போய்விட்டது.

பானையில் பேர் எழுதினவர்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. கொடுமணலில் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து. சாத்தன், ஆதன், கண்ணன், பண்ணன், விசாகி, சம்பன் சுமணன் இப்படிப் பெயர்கள். வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்லும் ஒரு ஓட்டில் இருக்கிறது. சில பெயர்கள் தமிழ்ப் பெயர்கள், சிலவற்றில் வடக்கத்திப் பிராகிருத வாசனை. ஊருக்குள் வெளியூர் ஆட்களும் இருந்தார்கள் என்று தெரிகிறது.

இதில் பெரிய விஷயம் என்னவென்றால், இவை ராஜா வெட்டின கல்வெட்டு இல்லை. எகிப்தில் எழுத்து எழுத்தர்களின் தொழில். அதற்கென்று வருசக்கணக்கில் படிக்க வேண்டும். இங்கே சமையல் பானையில், தின்னும் கிண்ணத்தில் ஆணி மாதிரி ஏதோ கூர்முனையால் கீறியிருக்கிறார்கள். டிபன் பாக்ஸில் அம்மா பெயிண்ட்டால் இனிஷியல் எழுதித் தருவாரே, அதேதான். "இது என் கிண்ணம், எடுக்காதே." 2,000 வருசத்துக்கு முந்தைய ஒருத்தர் நம்மோடு பேசுகிற முதல் வார்த்தை தன் பேராக இருக்கிறது.

என் மகளுக்கு 'விசாகி' பிடித்துப்போனது. பெண் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவே பண்ணிவிட்டாள். "அவ கிண்ணத்தை யாரோ எடுத்திருப்பாங்கப்பா. அதான் எழுதி வச்சிருக்கா."

சாவுக்கு அப்புறம்

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, அதைவிடப் பெரிய பரப்பில், ஈமக்காடு. தரையில் பாறைகளை வட்டமாக அடுக்கிய கல்வட்டங்கள் நூற்றுக்கணக்கில். சில இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற குத்துக்கல். வட்டத்துக்கு நடுவில் தோண்டினால் கீழே கற்பதுக்கை. பெரிய பலகைக் கற்களை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் போட்ட கல் பெட்டி.

நான் பொறியாளன் என்பதால் இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு பலகையை ஒன்றுக்கொன்று முனையோடு முனை பொருத்தி நிறுத்தினால் வெளி மண்ணின் அழுத்தத்தில் உள்ளே சரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையின் மேல் சாய்கிற மாதிரி, ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சுழற்சியாக நிறுத்துவார்கள். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம். மண் தள்ளத் தள்ள, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிமென்ட் இல்லை, கம்பி இல்லை. நம்ம பக்கத்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பலவற்றில் இந்த முறையைப் பார்க்கலாம். நாலு சீட்டுக்கட்டு அட்டையை வைத்து வீட்டிலேயே செய்து பாருங்கள்.

பெரும்பாலும் முழு உடம்பை வைக்கவில்லை. முதலில் வேறு இடத்தில் உடம்பை வைத்து, பிறகு எலும்புகளை மட்டும் எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். எகிப்தியர் உடம்பைக் காப்பாற்ற 70 நாள் உழைத்தார்கள். இவர்களுக்கு உடம்பு முக்கியமில்லை. எலும்பும், கூட அனுப்பும் பொருளும் போதும்.

பெட்டியின் ஒரு பலகையில் துளை இருக்கும். இடுதுளை என்பார்கள். 2020 அகழாய்வில் மூன்று அறை கொண்ட ஒரு கல்லறை கிடைத்தது. சுற்றியிருந்த பாறைகள் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்ததால் ஊர்த் தலைவர் மாதிரி ஒருவருடையதாக இருக்கலாம் என்றார்கள். அறைகளுக்கு வெளியே பத்துப் பானை, கிண்ணங்கள் இருந்தன.

வேறென்ன வைத்தார்கள்? கருப்பு-சிவப்புப் பானைகள், இரும்பு வாள், கத்தி, அம்பு முனை. ஒரு கல்லறையில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள். ஒரு மணியைச் செதுக்கி, தேய்த்து, துளைத்து முடிக்க ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஆள் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்தால் 277 நாள். நிஜத்தில் இன்னும் அதிகமாகத்தான் இருக்கும். ஒரு வருச உழைப்பை எடுத்து மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். இன்னொரு கல்லறையில் கல் பதித்த வெண்கலப் புலி ஒன்று. கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர், மாட்டைக் காப்பாற்றப் புலியோடு சண்டை போட்டுச் செத்தவருக்குப் புலிக்குத்திக்கல் நிற்கிறது. அதெல்லாம் இதற்கு ரொம்பப் பிந்தியவை. ஆனாலும் புலி என்றால் இந்த மண்ணில் ஒரு பயமும் மரியாதையும் எப்போதுமே இருந்திருக்கிறது.

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊர். அங்கே ஒரு கல்லறையில் நாலு கால் வைத்த ஜாடி, அதற்குள் சுமார் 2 கிலோ நெல். அந்த நெல்லின் வயது கி.மு. 490 என்று கணக்கு வந்தது. தூக்கிச் சாப்பிட ஆளில்லாத நெல். போகிறவருக்கு வழியில் பசிக்குமே என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கணும். "நெல் கிடைத்தது" என்பது உண்மை. "பசிக்குமே என்று நினைத்தார்கள்" என்பது ஊகம். எகிப்தியர்கள் தங்கள் நம்பிக்கையைச் சுவரிலும் சுருளிலும் எழுதி வைத்தார்கள். அதனால் தராசு, இறகு, மிருகம் எல்லாம் நமக்குத் தெரியும். நம்மவர்கள் பேரை எழுதினார்கள், நம்பிக்கையை எழுதி வைக்கவில்லை. பொருளைப் பார்த்து மனசை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இடுதுளையை ஆவி போய்வர விட்ட வழி என்று சொல்வோர் உண்டு. பிற்பாடு செத்தவர்களின் எலும்பை உள்ளே வைக்க விட்ட வாசல் என்று சொல்வோரும் உண்டு. ரெண்டுமே ஊகம். வாட்ஸப்பில் "தமிழன் அன்றே கண்டுபிடித்தான்" என்று ஏதாவது வந்தால், இதில் கிடைத்தது எது, ஊகித்தது எது என்று ரெண்டு வரிசையாகப் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ரெண்டாவது வரிசைக்குப் போய்விடும்.

ஊகம் என்றாலும் வெறும் கற்பனை இல்லை. இன்றைக்கும் நம்ம வீட்டில் சாவு நடந்தால் வாய்க்கரிசி போடுகிறோம். கருமாதிக்கு அவருக்குப் பிடித்ததை எல்லாம் செய்து படைக்கிறோம். என் அப்பிச்சிக்குப் படைக்கும்போது வெத்தலை பாக்கோடு ஒரு பீடிக்கட்டையும் வைத்தோம். செத்தவருக்குப் பீடி எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. 2,220 மணியை வைத்தவரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எகிப்துக்குப் போன பானை

என் மகளின் ரெண்டு ப்ராஜெக்ட்டும் ஒன்றாகச் சேரும் இடம் இது.

கி.மு. 30இல் கிளியோபாட்ரா செத்து எகிப்து ரோமானியர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு செங்கடல் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் போக்குவரத்து பெருகியது. மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து மட்டும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாக ஸ்ட்ராபோ எழுதினார். அந்தத் துறைமுகம் இன்றைய குசைர் அல் காதிம். அங்கே தோண்டியபோது தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன் என்று பெயர்கள். கொடுமணல் ஓடுகளில் இருக்கும் அதே பெயர்கள்! இன்னொரு ஓட்டில் 'பானை உறி' என்று பொருள்படும் சொற்கள். உறி என்றால் நம்ம பாட்டி வீட்டில் தயிர்ப் பானையைத் தொங்கவிடுவாரே, அதே உறி. எகிப்துப் பாலைவனத்து ஓரத்தில் ஒரு தமிழ் ஆள் உறியில் தொங்கும் பானைக்கு லேபிள் ஒட்டியிருக்கிறார்.

பக்கத்துத் துறைமுகமான பெரனிகேயில் கோயில் முற்றத்தில் புதைத்த ஒரு இந்திய ஜாடிக்குள் 7.5 கிலோ கருமிளகு கிடைத்தது. நம்ம பக்கம் பார்த்தால் வெள்ளலூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பூதிநத்தம், கரூர் என்று வரிசையாக ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள். வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கு மேல் கிடைத்தது. அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் போட்ட காசு. இந்தியா வருசத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறதே என்று பிளினி புலம்பினார். அதே ஆள்தான் பெரில் கல் இந்தியாவில் கிடைக்கும், வேறெங்கும் அரிது என்றும் எழுதிவைத்தார். அந்தப் பேராசைக்கும் இந்தப் புலம்பலுக்கும் நடுவில் எங்கேயோ படியூர்க் கல்லும் கொடுமணல் பட்டறையும் இருக்கின்றன.

குசைர் போன அந்தச் சாத்தன் கரையிறங்கி, ஒட்டகப் பாதையில் நைல் வரைக்கும் போயிருந்தால், மம்மி செய்வது அப்போதும் வழக்கத்தில் இருந்தது. பிரமிடுக்கு அன்றைக்கே 2,500 வயசு. அவன் அதை அண்ணாந்து பார்த்திருந்தால், என்ன நினைத்திருப்பான்? "நம்மூர்ல கல்லை வட்டமா வைப்போம், இங்க கூம்பா வைக்கறாங்க" என்று நினைத்திருப்பான் என்பது என் மகளின் ஊகம். ரெண்டாவது வரிசையில் எழுதிக்கொண்டோம்.

நான் உடைத்தது

அப்பிச்சியின் தோட்டம் காங்கேயத்துக்குப் பக்கம். அதன் மேகோட்டில் பாறைகள் வட்டமாகக் கிடந்த ஒரு திட்டு இருந்தது. உழும்போது அப்பிச்சி அதை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். "அது பாண்டவரு குழி சாமி. அங்க போகக்கூடாது" என்பார். அம்மிச்சி வேறு கதை சொல்வார். அந்தக் காலத்தில் மனுசங்களுக்குச் சாவே வராதாம். வயசாகி வயசாகிச் சுருங்கிக் கைக்குழந்தை மாதிரி ஆகிவிடுவார்களாம். விளக்கு மாடத்தில் உட்கார வைத்துச் சோறூட்டி, அப்புறம் பார்க்கச் சகிக்காமல் ஒரு தாழியில் சோத்தோடும் தண்ணியோடும் வைத்துப் புதைத்துவிடுவார்களாம்.

எனக்கு அப்போது பத்து வயசு. தோட்டத்துக்கு வேலி போடக் கல் வேண்டுமென்று மாமா அந்த வட்டத்துக் கற்களை நெம்பி எடுத்தார். உள்ளே பலகைக் கல்லும், அதற்கடியில் பானைகளும் வந்தன. கருப்பும் சிவப்புமாக, வழவழவென்று. நானும் மாமா பையனும் அந்தப் பானைகளை வரிசையாக வைத்து, கல்லெறிந்து உடைத்து விளையாடினோம். ஓட்டுச் சில்லுகளைக் குட்டையில் தவளை ஓட்டம் விட்டோம். என் சில்லு ஏழு தாவல் தாவியது. ரொம்ப நாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொடுமணல் அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தது முப்பத்தைந்து வயசுக்கு மேல். கருப்பு-சிவப்புப் பானையின் படத்தை முதலில் பார்த்தபோது கை வழவழப்பை ஞாபகம் வைத்திருந்தது. உடைத்த அந்தப் பானைகளில் ஏதாவது ஒன்றில் பேர் கீறியிருந்ததா? பார்க்கவே தோன்றவில்லை. ஏழு தாவல் தாவி முங்கின சில்லு ஒரு விசாகியோ ஒரு ஆதனோ என்று இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். வேலிக்குக் கல் வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. ஆனால் அப்பிச்சி எதுவும் படிக்காமலே அதைச் சுற்றி உழுதார். அவருடைய பயம் அந்தக் குழியைக் காப்பாற்றி வைத்திருந்தது. எங்களுக்குப் பயமும் போய்விட்டது, படிப்பும் வரவில்லை. நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில்தான் உடைந்தது. கொங்கு நாட்டில் இப்படிப் போனவை எத்தனையோ. வேலிக்கு, ஜல்லிக்கு, வீட்டு மனைக்கு.

இன்றைக்கும் வீடு கட்ட, போர் போட, கிணறு வெட்டத் தோண்டும்போது பானையோ காசோ வந்தால் செய்ய வேண்டியது சுலபம். தோண்டுவதை நிறுத்துங்கள். எடுக்காமல், கழுவாமல், இருந்தபடியே போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878ஆம் வருசத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இருந்தபடியே என்று ஏன் சொல்கிறேன் என்றால், பானையைவிட அது இருந்த இடம்தான் பேசும். பொருந்தல் நெல் யாரோ எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் அது வெறும் பழைய நெல். கல்லறைக்குள், ஜாடிக்குள் இருந்ததால்தான் அது ஒரு நம்பிக்கையின் மிச்சம்.

எகிப்து ப்ராஜெக்ட்டுக்கு என் மகளுக்கு நல்ல மார்க் வந்தது. தெர்மாகோல் பிரமிடு இப்போது பரணில். நாங்கள் கொடுமணலுக்குப் போய்விட்டு வந்த அன்று சாயந்திரம், எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்து, காம்பஸ் முனையால் அடியில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தமிழி எழுத்தில் அவள் பேர். நல்ல கிண்ணத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அவள் அம்மா சத்தம் போட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உடைத்தவன் நான். அவள் எழுதுகிறாள், எழுதட்டும்.